மூக்கைத் தூக்கினால் விமானம் ஏறுமா?

விமானிக்கு முக்கியமான பிடிகள் இரண்டு. மூக்கை ஏற்றி இறக்கும் கோல் ஒன்று, என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இன்னொன்று. மூக்கைத் தூக்கினால் உயரம் கூடும், த்ராட்டிலைத் தள்ளினால் வேகம் கூடும் என்றுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைப்போம். பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

சைக்கிளில் மேம்பாலம் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். மிதிக்காமல் விட்டால் கொஞ்ச தூரம் ஏறும், ஆனால் வேகம் செத்துக்கொண்டே வரும். இறக்கத்தில் மிதிக்காமலே பறக்கும். விமானமும் அப்படித்தான். வேகத்தைக் கொடுத்து உயரம் வாங்கலாம், உயரத்தைக் கொடுத்து வேகம் வாங்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் என்ஜின் விசை கூட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க வேண்டுமென்றால்? தரையிறங்கும்போது அதுதான் தலைவலி. இறக்கையின் மேல் சில பலகைகள் நிமிர்ந்து நிற்பதை ஜன்னலோர சீட்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்பாய்லர் என்று பெயர். காற்றைத் தடுத்து, வேகம் ஏறாமல் இறங்க உதவுபவை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்கு 228 பேருடன் போய்க்கொண்டிருந்தது ஏர் பிரான்ஸ் 447. ஏர்பஸ் ஏ330 ரகம். அட்லாண்டிக் கடலுக்கு மேல் 35,000 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கோலைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக அசைத்தாலே வம்பு.

காற்று வந்து மோதும் அழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களை பனித்துகள்கள் அடைத்துவிட்டன. வேகம் தெரியாததால் ஆட்டோபைலட் தானாகக் கழன்றுகொண்டது. கேப்டன் ஓய்வில் இருந்தார். என்ஜின் நன்றாக ஓடியது, இறக்கையிலும் குறையில்லை. மூக்கின் கோணத்தையும் என்ஜின் விசையையும் அப்படியே வைத்திருந்தால் வேகமும் அப்படியே இருந்திருக்கும். முள்ளே தேவையில்லை! அடைப்பும் சுமார் ஒரு நிமிடத்தில் நீங்கிவிட்டது.

ஆனால் வலது சீட்டில் இருந்த துணை விமானி கோலைப் பின்னால் இழுத்தார். விமானம் 38,000 அடி வரை ஏறியது. ஏறின ஏற்றத்தில் வேகம் கரைந்து போனது. மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்ததால் காற்று இறக்கையை ஒட்டிப் போகாமல் பிரிந்துவிட்டது. இதற்குப் பெயர் ஸ்டால். என்ஜின் நிற்பதல்ல, இறக்கை தூக்குவதை நிறுத்துவது. மருந்து ஒன்றுதான்: மூக்கை இறக்க வேண்டும். கையில் 38,000 அடி இருந்தது. அப்போதே அதில் சில ஆயிரத்தைச் செலவு செய்திருந்தால் வேகம் திரும்பியிருக்கும். அவரோ இழுத்துக்கொண்டே இருந்தார். நிமிடத்துக்குச் சுமார் 10,000 அடி வீதம் விமானம் விழுந்தது, மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்தபடி.

இன்னொரு கொடுமை. அளவீட்டில் வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால் ஸ்டால் எச்சரிக்கை அடங்கிவிடும். ஆக, மூக்கை இறக்கிச் சரி செய்யப் போனபோது எச்சரிக்கை கத்தியது, மறுபடி தூக்கினால் அமைதியானது. சரியானதைச் செய்தால் திட்டும் இயந்திரத்தை யார்தான் நம்புவார்கள்? அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. போதாததற்கு அந்த ரகத்தில் இரண்டு விமானிகளின் கோல்களுக்கும் இணைப்பு கிடையாது. ஒருவர் இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது.

கேப்டன் ஓடி வந்தார். அவருக்கும் புரியவில்லை. கடைசி ஒரு நிமிடத்தில்தான், தான் வெகுநேரமாக இழுத்துக்கொண்டே இருப்பதைத் துணை விமானி சொன்னார். ஏறாதே என்று கேப்டன் பதறினார். செலவழிக்க உயரம் மிச்சமில்லை. ஒருவரும் பிழைக்கவில்லை. இதெல்லாம் 2011-ல் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கருப்புப் பெட்டிகளை எடுத்த பிறகே தெரிந்தது.

முன்பெல்லாம் ஸ்டால் நெருங்கினால் விசையைக் கூட்டு, உயரத்தை இழக்காதே என்று பழக்குவார்கள். இப்போது அந்த வரிசை மாறிவிட்டது. முதலில் மூக்கை இறக்கு, விசை அப்புறம்.