894.811

பூனா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இங்கிலீஷும் இந்தியும். அம்மணி தமிழ் நன்றாகவே பேசுவாள். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் மட்டும் உடனே தாகம் எடுத்துவிடும், தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள் :-)

ஊரிலிருந்து தங்கமணி சுமந்து வந்த புத்தகங்கள் பரணில் தூங்குகின்றன. வீட்டில் தனியாகப் படித்தால் அது வீட்டுப்பாடம். நாலு பிள்ளைகள் கூடும் இடத்தில் இருந்தால்தான் அது கதைப் புத்தகம். அதனால்தான் பள்ளி நூலகத்தில் போய்க் கேட்டேன்.

நிர்வாகத்தில் முதல் கேள்வி, "தமிழ்ப் பசங்க எத்தனை பேர் சார்?" ஏழு. ஏழு பேருக்கு யார் புத்தகம் வாங்குவார்கள்? நூலக டீச்சர் மராத்திக்காரர், அவர் கேள்வி வேறு: "எனக்குப் படிக்கத் தெரியாத புத்தகத்தை எந்த நம்பரில் வைப்பேன், எப்படித் தேடி எடுப்பேன்?" அதுதான் சரியான கேள்வி.

நம்பர் சுலபம். டூயி வரிசையில் தமிழ் இலக்கியம் 894.811. இந்தி 891.43, மராத்தி 891.46 என்று பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்க, நாம் கொஞ்சம் தள்ளி மலையாளம், கன்னடத்தோடு குடியிருக்கிறோம்.

புத்தகத்துக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய தளம். படக்கதைகள், நாலு படிநிலை. முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் எழுதியவர், வரைந்தவர் பெயரோடு தாராளமாக அச்செடுக்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பெரிய பொக்கிஷம்தான், ஆனால் பத்து வயசுப் பிள்ளையிடம் சங்க இலக்கியத்தை நீட்டினால் மறுபடியும் தாகம்தான் எடுக்கும்.

டேப்லெட்டில் படிக்க விடலாமே என்றார் ஒரு அப்பா. எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் பக்கத்திலேயே வேறெங்காவது தாவிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் ஆணிகளை ஒதுக்கிவிட்டு, முப்பது கதைகளைக் கலரில் அச்சடித்து நடுவில் பின் அடித்தோம்.

தேடுவதற்கு கோஹா. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதி 2000-இல் வெளிவந்த இலவச மென்பொருள். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பரிசு என்று பொருள். யூனிகோட் என்பதால் தமிழ் அப்படியே ஏறுகிறது. ஒவ்வொரு தலைப்பையும் தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை போட்டோம். 'ழ'வுக்கு என்ன எழுத்து என்பதில்தான் சண்டை. பிள்ளைகள் எல் என்று அடிக்கிறார்கள், நாம் இசட் ஹெச். கடைசியில் இரண்டையும் ஏற்றினோம்.

நான் எதிர்பார்க்காதது டீச்சர் செய்தது. அந்தத் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் கிடைக்கும். அவராகவே மராத்தி வடிவத்தை அச்செடுத்துத் தமிழுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். படம் ஒன்றே என்பதால் மராத்திப் பிள்ளைகளும் புரட்டுகிறார்கள். "இது என்ன எழுத்து?" என்று கேட்டால் சொல்லியாக வேண்டுமே, நம்மாள் இப்போது எழுத்துக்கூட்டுகிறாள். வேகம் இன்னும் மாட்டுவண்டிதான். தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

போன வாரம் ஒரு தெலுங்கு அம்மா டீச்சரிடம் வந்து கேட்டாராம். அவர்கள் நம்பர் 894.827.