தாத்தாவின் புல்லட்... கிராங்க் கேஸில் இருக்குது ஜாதகம்!

எங்கள் வீட்டில் என்னைவிட வயதில் மூத்தது, என்னைவிட அதிகமாகக் கொஞ்சப்படுவது ஒரு புல்லட். 1973-ல் முதல் பதிவு. 1981-ல் தாத்தா செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அவருக்குப் பிறகு அப்பா. மேட்டூர் 16 கண் பாலத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டாலே அம்மா டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஓட்டிப் பார்க்க ஆசையாக வாங்கும் பையன்கள், முதல் வளைவிலேயே பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிட்டு பேயறைந்த மாதிரி திரும்பி வருவார்கள்.

போன ஆடியில், நிறுத்திய இடத்திலெல்லாம் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. பேக்கிங் போயிருக்கும் என்றுதான் நினைத்தோம். மெக்கானிக் அண்ணன் இன்ஜினை இறக்கிக் கழுவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ``இங்க பாரு பாப்பா, கேஸ்ல விரிசல்.''

கிராங்க் கேஸ் என்பது இன்ஜினின் அடிவயிறு. கிராங்க் சுற்றுவதும் ஆயில் ஓடுவதும் அதற்குள்தான். விரிசலை ஆர்கான் வெல்டிங் வைத்து அடைக்கலாம், அல்லது வேறு கேஸ் போடலாம். உதிரி பாகம் விற்கும் ஒருவரிடம் விசாரித்தபோது அவர் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். ``புது கேஸ் நம்பர் இல்லாம வெறும் கேஸா வரும். உங்க பழைய நம்பரையே அதுல குத்திக் குடுத்துடறோம். யாருக்குங்க தெரியப்போவுது?''

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குள் இருந்த ரிப்போர்ட்டரை எழுப்பிவிட்டது. உண்மையிலேயே யாருக்கும் தெரியாதா?

மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ் சகிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பாகங்களைக் கழுவினேன். அழுக்கு போகப் போக எழுத்துகள் தெரிந்தன. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வார்ப்பிலேயே புடைப்பாக வந்தது. அது பாகத்தின் எண், தயாரித்தவரின் முத்திரை மாதிரியான விஷயம். ஒரே அச்சில் வார்த்த எல்லாவற்றிலும் இருக்கும். இன்னொன்று, வார்த்து முடித்த பிறகு உளியால் அடித்துக் குத்திய பள்ளமான எண். அது அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியது. புடைப்பு எழுத்தைக் குலப்பெயர் என்று வைத்துக்கொண்டால், பள்ள எழுத்து சொந்தப் பெயர். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பலர் புடைப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு `ஒரிஜினல்' என்று மயங்குவது இந்த வித்தியாசம் புரியாததால்தான்.

புல்லட்டில் இது இன்னும் சுவாரஸ்யம். அது பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே கோத்தார்கள். பிறகு கருவிகளும் அச்சுகளும் வந்தன; 1960-களில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே தயாரானது. தாய் நிறுவனம் 1970-ல் மூடிவிட்டது, பிள்ளை மட்டும் சென்னையில் ஓடிக்கொண்டே இருந்தது! அதனால் பழைய புல்லட்களில் இங்கிலாந்து முத்திரையும் இந்திய முத்திரையும் கலந்து கிடக்கும். எங்கள் வண்டியில் ஒரு மூடியில் லூகாஸ்-டிவிஎஸ். சென்னை பாடியில் தயாரானது. `மேட் இன் இங்கிலாந்து' என்று ஒரு எழுத்தும் இல்லை. அப்பாவுக்கு அதில் லேசான ஏமாற்றம். எனக்கு இல்லை. 1973 வண்டியில் அது இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இந்த எண்களுக்காகக் கோடிகள் கைமாறும் ஊர் அமெரிக்கா. 1960-களில் அங்கே வந்த பெரிய இன்ஜின் `மஸில் கார்'களை இன்று வாங்குபவர்கள் முதலில் கேட்பது, ``நம்பர் மேட்ச் ஆகுதா?'' என்றுதான். ஷெவர்லே இன்ஜினில் வார்ப்புத் தேதியே குறியீடாக இருக்கும். `சி 15 9' என்றால் மூன்றாவது மாதம், 15-ம் தேதி, ஒன்பதில் முடியும் வருடம். இன்ஜின் எண்ணின் முதல் எழுத்து `வி' என்றால் ஃபிளின்ட் ஆலை, `டி' என்றால் டோனவாண்டா ஆலை. ஜூனில் அசெம்பிள் ஆன காரில் ஆகஸ்டில் வார்த்த பிளாக் இருந்தால் கதை முடிந்தது.

போலி எண் குத்துபவர்கள் அங்கேயும் உண்டு. எண்ணைவிட, எண் இருக்கும் தளம்தான் அவர்களைக் காட்டிக்கொடுக்கும். ஆலையில் அந்தத் தளத்தை மெஷின் சீவும்போது மெல்லிய கோடுகள் வரிசையாக விழும். பழைய எண்ணை அழிக்கத் தேய்த்தால் கோடுகளும் போய்விடும். நம்மூரில் மெக்கானிக் அண்ணன் விரல் நுனியாலேயே தடவிப் பார்க்கிறார். சுற்றிலும் சொரசொரப்பாக இருக்க, எண் இருக்கும் இடம் மட்டும் வழவழவென்று பள்ளமாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவார்.

இதைவிட ஆச்சர்யம் தடய அறிவியலில் இருக்கிறது. உளியால் அடிக்கும்போது எழுத்தின் பள்ளம் மட்டும் விழுவதில்லை. அதற்குக் கீழேயும் உலோகம் நசுங்கி இறுகிவிடுகிறது. மேலே தெரியும் எண்ணைத் தேய்த்து அழித்தாலும் அந்த இறுக்கம் அங்கேயே இருக்கும். அமிலம் கலந்த ரசாயனத்தைத் தடவினால், இறுகிய பகுதியும் சாதாரணப் பகுதியும் வேறு வேறு மாதிரி அரிக்கும். ஆழமாகத் தேய்க்காதவரை, அழித்த எண் மெல்ல எழும்பி வரும். திருட்டு வண்டி வழக்குகளில் ஆய்வகங்கள் செய்வது இதைத்தான். `யாருக்குத் தெரியப்போவுது' என்றவருக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று யோசித்தேன். அம்மா தடுத்துவிட்டார்.

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணின் அருமை நன்றாகத் தெரியும். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுப்பது அங்கே தினசரி வேலை. ஆர்.சி-யில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இன்ஜினை மாற்றுவது குற்றம் இல்லை, மாற்றியதை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி-யில் பதிந்துகொள்ளலாம். நாமே பழைய எண்ணைக் குத்திக்கொண்டால்தான் வம்பு. விபத்து, திருட்டு என்று ஏதாவது வந்தால் இன்ஷூரன்ஸில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

இதற்கிடையில் நான் அப்பாவிடம் வேறொரு ஆசையைக் கிளப்பினேன். 2021-ல் மத்திய அரசு `வின்டேஜ்' வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டியாக இருக்க வேண்டும். சேஸிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் `வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். கேஸை மாற்றாமல் வெல்டிங் வைத்தால் நமக்கும் விண்ணப்பிக்க வழி இருக்கிறதே!

அப்பா பொறுமையாகக் கேட்டார். ``அந்த பிளேட்டு போட்டா சந்தைக்குப் போலாமா?''

போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம்.

``அப்ப வேண்டாங்கண்ணு.''

கேஸ் சேலத்துக்குப் போனது. 50 வருட ஆயில் ஊறிய அலுமினியத்தில் நேராக வெல்டிங் வைத்தால் பொத்தல் பொத்தலாக வருமாம். சுத்தம் செய்து, சூடேற்றி, ஆயிலைக் கசியவிட்டு, மறுபடி துடைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் வைத்தார்கள். பிறகு இரண்டு கேஸும் சேரும் முகத்தைச் சமம் பார்த்தார்கள். நல்லவேளை, விரிசல் அடிப்பக்கம்; எண் சிலிண்டருக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

ஆர்.சி புதுப்பிக்கும் நேரமும் வந்துவிட்டது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பென்சில் பிரின்டை நானே எடுத்தேன். ஒரு எண் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. திருவொற்றியூரில் யாரோ ஒருவர் 50 வருடத்துக்கு முன் உளியைச் சற்று கோணலாகப் பிடித்திருக்கிறார்.