தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுடலாமா?

பழைய மாருதி 800 வைத்திருந்தால் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் இதைக் கேட்கலாம்: "சார், தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்னிடமும் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை.

எஞ்சின் சூடாகாமல் இருப்பதல்ல, சரியான சூட்டில் நிற்பதுதான் கணக்கு. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும். கழற்றிவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். எஞ்சின் கொதிக்க உண்மையான காரணமான அடைத்துக்கொண்ட ரேடியேட்டரும் சுற்றாத ஃபேனும் மட்டும் அப்படியேதான் இருக்கும்!

யாரும் கண்டுகொள்ளாத ஆசாமி, ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியல்ல, அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு. சுமார் 0.9 பார் அழுத்தம் நின்றால் உள்ளிருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 118 வரை தாங்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் அந்தப் பதினெட்டும் போச்சு. வண்டியிலேயே மலிவான சாமான்களில் ஒன்று, ஆனால் கடைசியில்தான் மாற்றுகிறோம்.

மாருதி 800-இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடு மீறினால் வளைந்துவிடும். கேஸ்கட் போகும், செலவு ஆயிரங்களில் ஏறும்.

மலையேறும்போது சூடு காட்டும் முள் மேலே போனால் ஏசியை அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதற்கும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.