கண்ணுக்குக் காப்பு

இரும்புலியூர் என்னும் பெயரைக் கேட்போர், அஃது இரும்பினால் அமைந்த பெயரோ என ஐயுறுதல் கூடும். ‘இரும் புலி’ எனப் பிரிப்பின் பெரும்புலி என்பதே பொருள். பெயரில் இரும்பு இல்லையாயினும், தாம்பரத்தை அடுத்த அவ்வூர்ப் பெருஞ்சாலை ஓரத்தில் இரும்புப் பட்டறைகள் உண்டு. அங்கே ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பற்றவைப்பார். இருவர் கண்ணுக்கும் இடர் உண்டு; ஆயின் ஒரே இடர் அன்று. ஆதலின், ஒரே கண்ணாடி இருவருக்கும் பொருந்தாது.

சாணைச் சக்கரத்தினின்று தெறிக்கும் துகள் இமை மூடுமுன் கண்ணிற் பாயும். விழிப்படலத்திற் பதிந்த இரும்புத்துகள் சில மணி நேரத்திலேயே துருவேறத் தொடங்கும். படிக்கும் கண்ணாடியே போதும் என்று இருப்பாரும் உளர். பொறி நேரே மட்டுமா வரும்? பக்கமும் மூடிய, அடி தாங்கும் பாலிகார்பனேட் கண்ணாடியே இத்தொழிலுக்கு ஏற்றது.

பற்றவைப்பவருக்குப் பெரும்பகை ஒளியே. மின்சுடரின் புறஊதாக் கதிர் அப்பொழுதே வலி தருவதில்லை. பல மணி நேரம் கழித்து, வீட்டில் உறங்கும்பொழுது, கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் எரியும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதனைத் தடுக்காது. மின்சுடர் வேலைக்கு 10 முதல் 13 வரை எண்ணுள்ள கருங்கண்ணாடி பதித்த முகமூடி வேண்டும்; மின்னோட்டம் மிகுந்தால் எண்ணும் மிகும். வேலை முடிந்ததும் முகமூடியை உயர்த்திவிட்டுக் கசடு தட்டுவர். சூடான சில்லு தெறிப்பது அந்நேரத்திலேதான். ஆகவே, முகமூடியின் உள்ளேயும் தெளிந்த காப்புக் கண்ணாடி ஒன்று இருத்தல் வேண்டும். இரும்பைப் பிடித்துக்கொண்டு அருகே நிற்கும் உதவியாளரைப் பலரும் மறந்துவிடுகின்றனர்; அவருக்கும் கண்கள் இரண்டே.

துகளும் மிகையொளியும் கண்ணைத் தாக்கும் வேலைகளில் தடுப்போ கண்ணாடியோ தருதல் வேண்டும் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு விதித்தது. நாலைந்து பேர் உழைக்கும் சிறு பட்டறைகளை அச்சட்டம் பெரும்பாலும் எட்டவில்லை. கண்ணாடி இருந்த இடங்களிலும் அது கண்ணில் நில்லாமல் நெற்றியில் ஏறிவிடும். இதற்குச் சோம்பலைக் குறை கூறுதல் எளிது. சித்திரை வெயிலில் வியர்வையால் ஆவி படர்ந்த கண்ணாடி வழியே யார் வேலை செய்வார்? காற்று மறைவாகப் புகும் துளைகள் உள்ளதும், மூக்கை அழுத்தாததுமான கண்ணாடியைச் சற்று நேரம் அணிந்து பார்த்தே வாங்குதல் நன்று.

காப்பையும் மீறித் துகள் விழுந்தால் கண்ணைக் கசக்கலாகாது. ஊசியால் எடுக்கத் துணிபவரிடம் காட்டவும் ஆகாது. 1819இல் நிறுவப்பெற்ற அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் எழும்பூரிலேயே இறங்கலாம்.