தூக்கிக்கொண்டே நடக்க வேண்டிய பெட்டி

கதே என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ‘ஃபாஸ்ட்’. கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். மோஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழ’லுக்கு இரண்டாம் பாகமாக, ஒரு தேவதைக் கதை ஓபராவுக்கான பாட்டுப் பிரதியை 1795-இல் அவர் எழுத ஆரம்பித்தார் என்பதை யாரும் பேசுவதில்லை. அது முடியவில்லை. அவர் காலத்தில் மேடை ஏறவும் இல்லை. 1802-இல் துண்டாகவே அச்சாயிற்று.

மோஸார்ட் 1791-லேயே போய்விட்டார். வைமர் அரங்கை நிர்வகித்துவந்த கதே, 1794-இல் அந்த ஓபராவை அங்கே போட்டிருந்தார். 1796 ஜனவரியில் வியன்னாவிலிருந்த விரானிட்ஸ்கி என்ற இசையமைப்பாளருக்கு எழுதுகிறார்: காட்சித் திரைகளும் உடைகளும் ஏற்கெனவே இருக்கின்றன, பாத்திரங்களும் நடிகர்களுக்குப் பழகியவை, செலவு குறைவு. தமக்கு 100 டுக்காட் வேண்டும். வங்கியில் உட்கார்ந்து ஈட்டுப் பத்திரங்களைப் புரட்டுகிறவனுக்கு இந்தக் கடிதம் தனியாக ருசிக்கிறது. மகாகவி பழைய திரைகளை ஈடு காட்டுகிறார்! வியன்னாவில் தொகை அதிகம் என்றார்கள். 1798-இல், முதல் ஓபராவின் பிரதியை எழுதிய ஷிக்கனேடர் தாமே ஒரு தொடர்ச்சி எழுதி, வின்ட்டரின் இசையில் மேடையேற்றிவிட்டார்.

பணத்தகராறில் நின்றுபோன சில்லறை வேலை என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமினோ - பமினாவின் குழந்தையை இரவின் ராணியின் ஆட்கள் ஒரு தங்கப் பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்டுவிடுகிறார்கள். எதிர்மந்திரத்தில் பெட்டி கனத்துப்போக, தூக்கிப்போக முடியாமல் விட்டு ஓடுகிறார்கள். திறக்க வழியில்லை. பெண்கள் அதைச் சுமந்துகொண்டே நடக்க வேண்டும். நடை நிற்காதவரைதான் உள்ளே குழந்தைக்கு உயிர். தாலாட்டைத் தலைகீழாக்கிய படிமம் இது. தூங்கவைக்க அல்ல, சாகாமல் வைத்திருக்க நடக்கிறார்கள்.

இன்னொரு காட்சி. துக்கத்தில் மரத்துப்போன பெற்றோர் முன்னால் பாப்பகேனோ புல்லாங்குழல் ஊதுகிறான். ஊதும்வரை இருவரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். உதட்டிலிருந்து எடுத்த மறுகணம் பழைய துக்கம். அவனுக்கோ மூச்சு வாங்குகிறது. அவனும் மனைவியும் மாற்றி மாற்றி ஊதிப் பார்க்கிறார்கள்.

முட்டையிலிருந்து பிள்ளைகள் வரும் பாப்பகேனோ வேடிக்கையெல்லாம் எனக்கு அலுப்பாகவே இருந்தது. அதை மோஸார்ட்டாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று சந்தேகம். ஆனால் இந்தக் குழல் காட்சியின் வரிகள் வேண்டுமென்றே மெலிந்தவை. சோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சொற்களில் எழுதாமல் குழலுக்கு விட்டுவைத்திருக்கிறார். இதைக் கவிதையாக வாசித்து, பலவீனம் என்று மார்க் போடுவது நியாயமில்லை. மௌனமாகப் படிக்கும் நம் கையில் இருப்பது குழலை எடுத்துவிட்ட கணம் மட்டும்தான்.

விரானிட்ஸ்கி திறமையானவர். 100 டுக்காட் கிடைத்திருந்தால் வேலை முடிந்திருக்கலாம். ஆனாலும் கதே எழுதியது அவருக்காக அல்ல, இல்லாத ஒருவருக்காக என்பது என் எண்ணம். கடைசியில் பெட்டி திறந்து, குழந்தை வெளியே வந்து பறந்துபோகிறது. பிரதி அங்கே நின்றுவிடுகிறது. 1829-இல் எக்கர்மானிடம் பேசும்போது, ‘ஃபாஸ்ட்’டுக்கு மோஸார்ட்தான் இசையமைத்திருக்க வேண்டும் என்கிறார் கதே. மோஸார்ட் இறந்து அப்போது 37 வருஷம்.