டிஎஸ்ஸா, பிஎஸ்பியா?

கையடக்க கேம் கருவிகளில் எது உசத்தி என்று சண்டை வரும்போதெல்லாம் எனக்கு 2004 டிசம்பர்தான் ஞாபகம் வரும். ஜப்பானில் பத்து நாள் இடைவெளியில் நின்டெண்டோ டிஎஸ்ஸும் சோனி பிஎஸ்பியும் கடைக்கு வந்தன.

பிஎஸ்பிக்கு 4.3 அங்குல அகலத்திரை. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். கிராபிக்ஸில் டிஎஸ் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் டிஎஸ்ஸின் கீழ்த்திரையைச் சின்னக் குச்சியால் தொட்டாலே போதும். 'நின்டெண்டாக்ஸ்' விளையாட்டில் நாய்க்குட்டியைத் தடவிக் கொடுக்கலாம், மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மூளைப் பயிற்சி விளையாட்டில் கணக்குப் போட்டு விடையைத் திரையிலேயே எழுதலாம். அதுவரை கேம் பக்கமே எட்டிப் பார்க்காத பெரியவர்களும் டிஎஸ்ஸை வாங்கினார்கள்.

டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது, பிஎஸ்பி ஏறத்தாழ 8 கோடி. அதனால் பிஎஸ்பி தோற்றுவிட்டது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'மான்ஸ்டர் ஹன்டர்' ஆட ஜப்பானில் நாலு நண்பர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கருவிகளைக் கம்பியில்லாமல் இணைத்து, ஒரே மிருகத்தை வேட்டையாடினார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது பிஎஸ்பிதான்.

இரண்டும் வேறு வேறு ஆட்களுக்காக வந்தவை. உங்களுக்குப் பிடித்ததைத் தாராளமாகக் கொண்டாடுங்கள். அடுத்தவர் கையில் இருப்பதை மட்டும் மட்டம் தட்டாதீர்கள்.