வேன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்



ஆடிக் கிருத்திகை அபிஷேகம் முருகன் அருளால் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பால்குடம் எடுத்தவர்கள், சமையல் கட்டில் விடிய விடிய நின்றவர்கள், வாசலில் செருப்பு அடுக்கிய பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

ஆனால் இந்தப் பதிவு அதற்காக இல்லை. முதல் நாள் ராத்திரி தேக்காவிலிருந்து பாலும் பூவும் ஏற்றி வந்த கார் பாதி வழியில் நின்றுபோனது உங்களில் பல பேருக்குத் தெரியும். மறுநாளே வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். "இதுக்குத்தான் எலெக்ட்ரிக் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று ஒருவர். "சாமி காரியத்துக்குப் பெட்ரோல் வண்டிதான் சரி" என்று இன்னொருவர். ஆலயத்துக்கு ஒரு வேன் வாங்கணும், அது மின்சார வேனா இருக்கலாமா என்ற பேச்சு ஆறு மாதமாக நடந்துகொண்டிருக்கிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. அந்தக் காரில் இருந்தது தொண்டூழியர்கள் நாங்கள் மூன்று பேர், கூடவே பூக்கட்டும் சின்னம்மா. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம். பிறகு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

முதலில் ஒன்று. கார் நின்றதற்குக் காரணம் மின்சாரம் இல்லை, ஒரு இரும்புத் துண்டு. தீவு விரைவுச்சாலையில் மேற்கே வந்து, ஜூரோங் டவுன் ஹால் சாலைக்குப் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், முன்பக்க இடது டயர் கிழிந்தது. 1961-ல் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை போட்ட நாளிலிருந்து ஜூரோங் லாரிகளின் ஊர். திருகாணி, கம்பி, தகரம் ரோட்டில் கிடக்காத நாள் உண்டா? பெட்ரோல் கார் என்றால் அந்தத் துண்டு ஒதுங்கிப் போயிருக்காது.

ஆனால் டயர் கிழிந்த பிறகு நடப்பதில் வித்தியாசம் இருக்கிறது. பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

காரை இடது ஓரத்துக்கு ஒதுக்கி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு, எல்லாரும் இடது கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனோம். சின்னம்மா மட்டும் புடவையோடு தடுப்பைத் தாண்ட மாட்டேன் என்று அடம். "பூவை விட்டுட்டு எங்கடா வரச் சொல்றீங்க" என்றார். லாரி ஒன்று காற்றை வாரி அடித்துக்கொண்டு போன பிறகுதான் கையைக் கொடுத்தார். ராத்திரி விரைவுச்சாலையில் நின்ற காருக்குள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த ஒரு லாரி சொல்லிக்கொடுத்தது.

டாக்சி ஓட்டும் நம்ம அண்ணனுக்குப் போன் போட்டோம். "ஸ்பேர் டயரை மாட்டுங்கடா, பத்து நிமிஷ வேலை" என்றார். அங்கேதான் முதல் வித்தியாசம். மின்சாரக் கார்கள் நிறையவற்றில் ஸ்பேர் டயர் கிடையாது. எடையும் இடமும் மிச்சம் என்று ஒரு சின்னக் காற்றுப் பம்பும் பசை மருந்துப் புட்டியும் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். டயரின் நடுப்பகுதியில் ஆணி ஏறினால் அந்தப் பசை வேலை செய்யும். எங்களுக்குக் கிழிந்தது பக்கச் சுவர், விரல் நுழைகிற அளவு. பசை எதுவும் நிற்காது. அண்ணன் ஜாக்கி கொண்டு வருவதாகச் சொன்னதையும் வேண்டாம் என்றோம். இந்தக் கார்களில் அடித்தளம் முழுக்க பேட்டரி. கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் மட்டும்தான் தூக்கலாம். ஜாக்கியைத் தப்பான இடத்தில் கொடுத்தால் டயர் செலவு பேட்டரி செலவாகிவிடும்.

நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அழைத்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம், விரைவுச்சாலையில் வண்டி நின்றுவிட்டால் ஈமாஸ் மீட்புக் குழு வந்து பக்கத்தில் உள்ள குறிப்பிட்ட கார்ப்பேட்டை வரை இழுத்துப் போய் விடும். காசு வாங்க மாட்டார்கள். கால் மணி நேரத்தில் வந்தார்கள். வந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "எலெக்ட்ரிக்கா?" ஆமாம் என்றதும் பின்சக்கரங்களுக்கு அடியில் சின்ன உருளை வண்டிகளை மாட்டி, முன்பக்கத்தைத் தூக்கிக் கொண்டுபோய் வீவக கார்ப்பேட்டையில் விட்டார்.

அது ஏன் என்று வேன் குழுவில் இருப்பவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ளணும். பழைய சைக்கிளில் டைனமோ இருக்குமே, சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். மின்சாரக் காரின் மோட்டாரும் சக்கரமும் அப்படித்தான் பிணைந்திருக்கின்றன. வண்டியை அணைத்துவிட்டு இழுத்தாலும் மோட்டார் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், சூடேறும், பழுதாகும். எங்கள் கார் பின்சக்கரத்தால் ஓடுவது. முன்னால் தூக்கி இழுத்தால் மோட்டாருக்குக் கேடு. பின்னால் தூக்கினால் கிழிந்த டயர் தரையில் தேயும். அதனால் நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் போகணும். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டு லாரி, அதாவது ஃப்ளாட்பெட், அல்லது இவர் மாட்டிய மாதிரி உருளை வண்டி.

கார்ப்பேட்டையிலிருந்து பணிமனைக்குக் கொண்டுபோவது காப்புறுதி நிறுவனத்தின் சாலையோர உதவியின் பொறுப்பு. போனில் தெளிவாகச் சொன்னோம்: மின்சாரக் கார், பின்சக்கர இயக்கம், முன் டயர் கிழிஞ்சிருக்கு, ஃப்ளாட்பெட்தான் வேணும். சரி சரி என்றார்கள். ஐம்பது நிமிடம் கழித்து வந்தது கொக்கி வைத்த சாதாரண இழுவை வண்டி. உருளை வண்டியும் கிடையாது. ஓட்டி வந்தவர் நம்மூர்த் தம்பி, காரைக்குடிப் பக்கம். "அண்ணே, எனக்குக் 'கார், டயர் பஞ்சர்'னு மட்டும்தான் மெசேஜ் வந்துச்சு. இதை நான் இழுத்தா நாளைக்கு என் தலையிலதான் விடியும்" என்று அவரே தொட மறுத்துவிட்டார். தொடாமல் இருந்ததுதான் அவர் செய்த பெரிய உதவி. அவரே தன் அலுவலகத்தோடு சண்டை போட்டு ஃப்ளாட்பெட் ஏற்பாடு செய்துவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பினார். மறுநாள் அன்னதானத்துக்கு வரச் சொன்னோம். "ஷிப்ட் எப்ப முடியும்னு தெரியலண்ணே" என்றார். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், புகாரை எழுதி அனுப்பியிருக்கிறோம்.

இதற்கு நடுவே டாக்சி அண்ணன் ஒரு பயணியைச் சாங்கியில் இறக்கிவிட்டு வரணும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பின்னால் அவ்வளவு பால் பாக்கெட், மல்லிகை, சம்பங்கி, மரிக்கொழுந்து. ஜூரோங் ராத்திரிப் புழுக்கம் தெரியும்தானே. பால் கெட்டால் விடியற்காலை அபிஷேகத்துக்கு எங்கே போவது என்று சின்னம்மா கந்தனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பெட்ரோல் கட்சிக்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும். அந்தக் காரின் ஏர்கான் முழு நேரமும் ஓடியது. எஞ்சின் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. அண்ணன் வந்து பாலையும் பூவையும் டாக்சியில் மாற்றும்போது பேட்டரியில் மூன்று சதவீதம்தான் குறைந்திருந்தது. பெட்ரோல் காராக இருந்தால் எஞ்சினை ஓட விட்டுத்தான் ஏர்கான் போடணும். நின்ற வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பூ வாடவில்லை. சின்னம்மா இப்போது எலெக்ட்ரிக் கட்சி.

டயர் கதை அடுத்த நாள் தொடர்ந்தது. பேட்டரியால் வண்டி எடை சில நூறு கிலோ கூடுதல், அதனால் அதிக பாரம் தாங்கும் டயர்தான் போடணும். சத்தம் கேட்காமலிருக்க அந்த டயருக்கு உள்ளே பஞ்சு வேறு ஒட்டியிருக்கிறார்கள். அதே அளவு டயர் முதல் இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடை வரவழைத்துத் தர ஒன்றரை நாள். விலை கேட்டதும் பொருளாளருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனைக்கும் அது ஆலயக் கணக்கில் வரவே இல்லை.

எங்கள் கருத்தைக் கேட்டால், மின்சார வேனே வாங்கலாம். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்களும் டாக்சிகளும் தூய்மையான எரிசக்தியில்தான் ஓடணும் என்று அரசாங்கம் சொல்லியாகிவிட்டது. தீவு முழுக்க 60,000 மின்னூட்ட இடங்கள் என்பது அதே ஆண்டுக்கான இலக்கு. நாம் பெட்ரோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? ஆனால் வேனின் நிறத்தையும் வேல் படத்தை எங்கே ஒட்டுவது என்பதையும் மூன்று கூட்டமாகப் பேசியிருக்கிறோம். ஸ்பேர் டயர் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. விற்பவரிடம் கேட்கணும்: ஸ்பேர் தனியாக வாங்கி வைக்க இடம் இருக்கிறதா, அந்த அளவு டயர் இங்கே உடனே கிடைக்குமா, எந்தச் சக்கரத்தில் மோட்டார். காப்புறுதிக்காரரிடம் ஃப்ளாட்பெட் உண்டு என்று எழுத்தில் வாங்கணும், வாய்ப்பேச்சு போதாது. 1907-லிருந்து இருக்கிற சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் உறுப்பினராவதையும் விசாரிக்கலாம். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே.

வருகிற ஞாயிறு காலைப் பூசை முடிந்து, பிரசாதம் ஆனதும் மேல்மாடிக் கூடத்தில் கூடுகிறோம். மின்சார வேன் ஓட்டும் அன்பர்கள் யாராவது இருந்தால் அவசியம் வாங்க, வண்டிக் கையேட்டையும் கையோடு எடுத்து வாங்க. வேண்டாம் என்று சொல்கிறவர்களும் வரணும், குழுவில் ஆடியோ மட்டும் அனுப்பாதீர்கள். பொங்கலும் வடையும் உண்டு.